கோடை விடுமுறையில் படிக்க: கணிதமா, வரலாறா, பொது நிர்வாகமா?

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். மகள் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஐ.ஏ.எஸ். எழுதப்போகிறேன் என்கிறாள். விருப்பப் பாடமாகக் கணிதம், பொது நிர்வாகம், வரலாறு மூன்றில் எதை எடுப்பது என்று குழப்பம். இந்தக் கோடையில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் கோடைக்காலப் படிப்பில் சேர்த்துவிடலாமா? எதில் சேர்த்தால் பயன்? செலவுக்குத் தயாராக இருக்கிறேன்.

பதில்:

ஐயா, செலவுக்கு ஒதுக்கிய பணம் முதலில் அப்படியே இருக்கட்டும். இந்த மூன்று பாடங்களிலும் கோடையில் நம் நாட்டில் கிடைக்கும் உருப்படியான வாய்ப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே கிடையாது. சிலவற்றில் தங்குமிடம், சாப்பாடு, ரயில் கட்டணம்கூடக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் கேட்பது, நீங்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத்தான். நான் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் கடைசியில்தான் பெற்றோர்கள் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். அந்த நேரத்தில் திறந்திருப்பவை கட்டண வகுப்புகள் மட்டும்தான்.

கோடைப் படிப்பு என்ற பெயரில் என்னென்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.ஐ.டி.களிலும் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் மே முதல் ஜூலை வரை கோடைப் பருவம் உண்டு. அது பெரும்பாலும் அவர்களுடைய சொந்த மாணவர்களுக்கானது. அரியர் முடிக்கிறவர்கள், அடுத்த ஆண்டின் சுமையைக் குறைத்துக்கொள்கிறவர்கள் படிப்பார்கள். வெளி மாணவர் போய்ச் சேர இடமிருக்காது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வரைமுறையிலும் எட்டு வாரக் கோடைப் பருவம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் நம் அரசு கலைக் கல்லூரிகளில் அது நடைமுறைக்கு வரவில்லை.

வந்தாலும் கணிதத்தைப் பொறுத்தவரை எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு கிரெடிட் என்றால் 15 மணி நேர வகுப்பு. நான்கு கிரெடிட் பாடத்துக்கு 60 மணி நேரம். அதை ஆறு வாரத்தில், வாரம் ஐந்து நாளாக முடிக்க வேண்டுமென்றால் தினமும் இரண்டு மணி நேரம். கேட்க எளிதாகத்தான் இருக்கும். மெய்ப்பகுப்பாய்வில் (ரியல் அனாலிசிஸ்) ஒரு வரையறை மனத்தில் உட்காரவே ஒரு வாரம் ஆகும். அதற்குள் மூன்று தேற்றம் தாண்டிப் போயிருப்பார்கள். இந்திய வரலாற்றின் பொதுப் பாடத்தை ஆறு வாரத்தில் சுருக்கி நடத்தலாம், வாசிப்பு கூடுமே தவிர வேறு சேதம் இல்லை. கணிதத்தைச் சுருக்கினால் மாணவர் தேர்வுக்கான கணக்குகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வருவார். அது அரசுக் கல்லூரியிலேயே இலவசமாக நடக்கிறது.

பிறகு கோடையில் எதைத்தான் தேடுவது? வழக்கமான செமஸ்டர் தர முடியாத ஒன்றைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. கணிதத்துக்கு அது தேர்வு பயமில்லாமல் ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் நேரம். வரலாற்றுக்கு மூல ஆதாரத்தைக் கையால் தொட்டுப் படிப்பது. பொது நிர்வாகத்துக்கு ஓர் அலுவலகம் வேலை செய்வதைக் கண்ணால் பார்ப்பது. சான்றிதழ் வந்தால் வரட்டும்.

உங்கள் மகளின் பட்டப்படிப்பு கணிதம் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். இந்தியாவில் இளநிலைக் கணித மாணவர்களுக்கான கோடை முகாம்களில் நான் முதலில் சொல்வது கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் திட்டத்தை. எம்.டி.டி.எஸ். என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மும்பைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கியது. அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் தேசிய உயர்கணித வாரியத்தின் நிதியில் வளர்ந்தது. மே, ஜூன் மாதங்களில் நான்கு வாரம். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு நிலை, மூன்றாம் ஆண்டுக்கு அடுத்தது, எம்.எஸ்ஸி. முதலாண்டுக்கு அதற்கும் அடுத்தது என்று மூன்று நிலைகள். பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், இயற்கணிதம் போன்ற அடிப்படைப் பாடங்கள்தான். புதிதாக எதையும் வேகமாகச் சொல்லிக்கொடுப்பது நோக்கமில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பதைத் திரும்பக் கேட்பார்கள்.

அந்த மாதிரி வகுப்பு எப்படிப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். அணிப் பெருக்கல் (மேட்ரிக்ஸ்) உங்கள் மகளுக்கு நன்றாகவே தெரியும். நிரையை எடு, நிரலோடு பெருக்கு, கூட்டு. பிளஸ் ஒன்னிலிருந்தே செய்கிறாள். ‘ஏன் இப்படி விநோதமாகப் பெருக்குகிறோம்? கூட்டலைப் போல இடத்துக்கு இடம் பெருக்கிவிட்டுப் போகலாமே?’ என்று கேளுங்கள். பத்துக்கு ஒன்பது பேர் திருதிருவென்று விழிப்பார்கள். முகாமில் ஆசிரியர் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்பார். பதில் சொல்ல மாட்டார். பத்து நிமிடம் அமைதி. அப்புறம் ஒரு சின்ன வேலை கொடுப்பார்: தரையில் கிழக்கு நோக்கி ஓர் அம்பு, வடக்கு நோக்கி ஓர் அம்பு வரைந்துகொள்ளுங்கள். இரண்டையும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்றுச் சுற்றுங்கள். கிழக்கு அம்பு வடக்கைப் பார்க்கும், வடக்கு அம்பு மேற்கைப் பார்க்கும். இப்போது கிழக்கு-மேற்குக் கோட்டைக் கண்ணாடியாக வைத்துப் பிரதிபலியுங்கள். வடக்கைப் பார்த்தது தெற்கைப் பார்க்கும். மேற்கைப் பார்த்தது மேற்கிலேயே இருக்கும். ஆக, மொத்தத்தில் கிழக்கு தெற்காகிவிட்டது, வடக்கு மேற்காகிவிட்டது.

இனி வரிசையை மாற்றச் சொல்வார். முதலில் பிரதிபலிப்பு, பிறகு சுற்று. கிழக்கு கிழக்காகவே நின்று, சுற்றும்போது வடக்காகிறது. வடக்கு தெற்காகித் திரும்பி, சுற்றும்போது கிழக்காகிறது. முதல் விடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த இரண்டு செயல்களையும் அணிகளாக எழுதி, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதற்கு எந்தப் பெருக்கல் விதி வேண்டும் என்று தேடச் சொன்னால், நிரை-நிரல் விதி தானாக வந்து நிற்கும். வரிசை மாறினால் விடை மாறும் என்று புத்தகத்தில் அடிக்கோடிட்டு வைத்திருந்த வரிக்கும் அப்போதுதான் அர்த்தம் கிடைக்கும். இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது போய்விடும். செமஸ்டரில் எங்களால் அந்தக் காலைப்பொழுதைச் செலவழிக்க முடியாது, ஐயா. எனக்கு அலகு மூன்றை முடித்தாக வேண்டும், உள்மதிப்பீட்டுத் தேர்வு வைத்தாக வேண்டும்.

இந்த முகாமுக்குப் போய்வரும் நம் பக்கத்துப் பிள்ளைகள் சந்திக்கும் சிக்கல்கள் இரண்டு. ஒன்று ஆங்கிலம். வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். முதல் வாரம் வாயே திறக்காமல் இருப்பார்கள். தப்பும் தவறுமாகப் பேசினாலும் அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். பேசாமல் இருந்தால்தான் ஆசிரியர் விடமாட்டார். இரண்டாவது, தேர்வு அட்டவணை. நம் பல்கலைக்கழகத் தேர்வுகள் சில ஆண்டுகள் மே மாதம் வரை இழுத்துக்கொண்டு போகும். முகாம் தொடங்கும் நாளோடு மோதும். கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்து, மோதினால் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் ஒரு வார்த்தை. ‘நல்ல மாணவி, ஒழுக்கமானவள், வருகைப்பதிவு நூறு சதவீதம்’ என்று எங்களில் பலர் எழுதித் தருகிறோம். தேர்வுக்குழுவுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. எந்தக் கணக்கில் அவள் எப்படி யோசித்தாள், வகுப்பில் என்ன கேள்வி கேட்டாள் என்று எழுதக்கூடிய ஆசிரியரிடம் வாங்குங்கள். அவர் துறைத்தலைவராக இல்லாவிட்டால் பரவாயில்லை.

அடுத்த படி, மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கை (ஃபெலோஷிப்). பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் கழகங்கள் கூட்டாக நடத்துகின்றன. கணிதமும் அதில் உண்டு. தேர்வானால் இரண்டு மாதம் ஓர் ஆய்வாளரிடம் போய் இருக்கலாம், உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பம் நவம்பரை ஒட்டி முடிந்துவிடும். சென்னையில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் கோடையில் மாணவர்களை எடுப்பதுண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் தரும் கோடை நல்கையில் பொறியியல் மட்டுமில்லாமல் அறிவியல், கலைப்புலத் துறைகளும் உள்ளன. இவையெல்லாம் ஆய்வுப் பயிற்சிகள். பாடத்தில் அடிப்படை உறுதியாக இல்லாமல் போனால் இரண்டு மாதமும் அந்தப் பேராசிரியர் கொடுத்த கட்டுரையின் முதல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க நேரிடும். எனவே முகாம் முதலில், நல்கை பிறகு.

எதுவும் கிடைக்கவில்லையா? வீட்டிலிருந்தே படிக்கலாம். என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் என்ற அரசு இணையவழிப் பாடங்களின் தேர்வுச் சுற்றுகள் ஜனவரி-ஏப்ரல், ஜூலை-அக்டோபர் என்று அமைவதால் கோடை அவற்றுக்கு இடைவெளிக் காலம். ஆனால் காணொளிகள் எப்போதும் இலவசமாகக் கிடைக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித விரிவுரைகளும் அப்படியே. ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு மூன்று தோழிகளோடு சேர்ந்து பார்க்கட்டும், ஒவ்வொரு விரிவுரைக்குப் பிறகும் ஒருத்தி பலகையில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லட்டும். தனியாகப் பார்த்தால் நாலாவது நாள் நின்றுவிடும்.

வரலாற்றுக்கு வருவோம். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து தஞ்சாவூர் பக்கம்தான். வேறு மாவட்டத்துக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது. கல்வெட்டுப் படிக்கும் பயிற்சிகளை அவ்வப்போது துறைகளும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர் குழுக்களும் நடத்துகின்றன. பெரும்பாலும் சில நாள் பயிற்சிதான். ஆனால் அந்தச் சில நாளில் ஒரு பி.ஏ. வரலாறு மாணவர் மூன்றாண்டில் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிடலாம்.

கல்லைச் சுத்தம் செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித்தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவார்கள். பாதி காய்ந்ததும் மை தோய்ந்த ஒற்றியால் ஒற்றுவார்கள். மேடெல்லாம் கறுப்பாகும், எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். மைப்படி என்பது இதுதான். பிறகு படிக்கத் தொடங்கினால் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. நடுவில் கிரந்த எழுத்து வரும். சொல் எங்கே முடிகிறது என்று பொருள் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். முதல் அரை நாள் தலை சுற்றும். அப்புறம் ஒரு பெயர் பிடிபடும், ஓர் ஊர் பிடிபடும்.

பயிற்சி வகுப்பு கிடைக்காவிட்டால் இப்படிச் செய்யட்டும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் ஹுல்ட்ஸ் பதிப்பித்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும். ஒரு கல்வெட்டின் பாடத்தை அச்செடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், விமானத்தின் அடித்தளத்தில் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டச் சொல்லி ராஜராஜன் இட்ட ஆணை அங்கேதான் இருக்கிறது. அதைத் தொடர்ந்து வரும் கல்வெட்டுகளில் யார் என்ன கொடுத்தார், எத்தனை கழஞ்சு பொன், எந்த ஊர் நிலம், எவ்வளவு வருவாய் என்று கணக்குகள் வரிசையாகப் போகும்.

கணித மாணவிக்கு இங்கே தனி விருந்து உண்டு. நில அளவுகள் வேலியில் தொடங்கி மா, காணி, முந்திரி என்று இறங்கும். மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. அதற்கும் கீழே போனால் கீழ் முந்திரி, அதாவது முந்திரியில் 320இல் ஒன்று. முழுதில் 1,02,400இல் ஒரு பங்கு. அதற்குக் கீழும் போகிறார்கள். வரலாறு படித்தவர்கள் பலர் இந்த இடம் வந்ததும் தாண்டிப் போய்விடுவார்கள். உங்கள் மகள் நின்று கூட்டிப் பார்க்கலாம். மொத்தம் சரியாக வருகிறதா, எந்தக் கழிவைக் கழித்திருக்கிறார்கள் என்று. டெல்டாக்காரர்களுக்கு மா இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 33 சென்ட் என்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் சோழர் காலத்து வேலியை அப்படியே இன்றைய ஏக்கருக்கு மாற்றிவிட முடியாது. அளந்த கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியது. ஏன் மாறியது என்பது நல்ல வரலாற்றுக் கேள்வி.

மூன்று பாடமும் ஒரே சுவரில் சந்திக்கும் இடம் வேண்டுமென்றால் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போங்கள். வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையிலும் கேட்டிருக்கிறோம். நேரில் படித்தால் அது ஒரு கறாரான நிர்வாக ஆணை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. ஊர்ச் சபையின் வாரியம் என்ற குழுவில் உறுப்பினராகக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரை நூல்) கற்றவர் என்றால் அரைக்கால் வேலி போதும். அதாவது படிப்புக்காகச் சொத்துத் தகுதியைச் சரிபாதியாகக் குறைக்கிறார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது; அவருடைய உறவினரும் வர முடியாது. கடந்த மூன்றாண்டில் பதவியில் இருந்தவருக்கும் இடமில்லை. முதல் ஆணையில் வயது 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 என்று மாற்றுகிறார்கள். அந்த இரண்டாண்டில் என்ன தகராறு நடந்திருக்கும்? அரசனின் அதிகாரி ஏன் நேரில் வந்து உட்கார வேண்டியிருந்தது? யாருக்கெல்லாம் ஓலை எழுதப்படவில்லை? இந்தக் கேள்விகளோடு திரும்பிவந்தால் அதுவே ஒரு கோடைக்குப் போதும்.

இன்னும் ஆழமாகப் போக நினைத்தால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவிக்கு அவை இப்போதே தேவையில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு தூரகிழக்குப் பள்ளி நடத்திவந்த செவ்வியல் தமிழ்க் கோடைக் கருத்தரங்கைப் பற்றியும் சிலர் சொல்லக்கூடும். அது ஐரோப்பியக் கோடையை ஒட்டி ஆகஸ்டில் நடப்பது. நம் பிள்ளைகளுக்கு அப்போது கல்லூரி திறந்திருக்கும்.

பொது நிர்வாகம். இதற்குக் கோடைப் படிப்பு என்று நான் மனமாரப் பரிந்துரைக்க ஒன்றுமில்லை. பழைய பாடம்தான், சென்னைப் பல்கலைக்கழகம் 1937லேயே இதில் பட்டயப் படிப்பு தொடங்கியது. தில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் 1954இல் வந்தது. அங்கே பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கான பயிற்சிகளே பிரதானம். நிதி ஆயோக்கில் இன்டர்ன்ஷிப் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், பிளஸ் டூவில் 85 சதவீதம் வேண்டும், குறைந்தது ஆறு வாரம், ஊதியம் கிடையாது. தில்லியில் மே, ஜூன் வெயிலில் அறை எடுத்துத் தங்கி, பெரும்பாலும் அறிக்கைகளைச் சுருக்கி எழுதும் வேலை. எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் பிள்ளைக்குச் சரி. உங்கள் மகளுக்கு இப்போது வேண்டாம் என்பேன்.

அதைவிட நல்ல பாடசாலை உங்கள் தாலுகா அலுவலகத்தில் அதே மே, ஜூனில் திறக்கிறது. ஜமாபந்தி, அரசு மொழியில் வருவாய்த் தீர்வாயம். வருவாய்த் துறைக்கு ஆண்டு என்பது பசலி. ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு கிராமத்தின் கணக்கையும் மேலதிகாரி ஒருவர் உட்கார்ந்து தணிக்கை செய்ய வேண்டும். ஆட்சியரோ, மாவட்ட வருவாய் அலுவலரோ, கோட்டாட்சியரோ வருவார். குறுவட்டத்துக்கு (பிர்க்கா) ஒரு நாள் என்று ஒதுக்குவார்கள். அந்தக் குறுவட்டத்து வி.ஏ.ஓ.க்கள் எல்லாரும் துணிப்பையிலும் பெட்டியிலும் பதிவேடுகளைக் கட்டிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அ-பதிவேடு, அடங்கல், சிட்டா என்ற நிலக் கணக்குகள்தான் அவை. நில அளவைச் சங்கிலியை நீட்டிப் பிடித்துச் சரிபார்ப்பார்கள். இன்னொரு பக்கம் பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ஆக்கிரமிப்பு என்று மனு கொடுக்கும் கூட்டம்.

அலுவலகம் என்பது எழுத்து ஆவணங்களின் மேல் நிற்கிறது என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சொன்னதைப் பாடத்தில் ஒரு வரியாகப் படிப்பார்கள். இங்கே அது மேஜைமேல் கட்டுக்கட்டாகக் கிடக்கும். உங்கள் மகள் ஒரு நோட்டோடு போய் ஓரமாக நிற்கட்டும். ஒரு மனு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எந்த இடத்தில் எண் போடுகிறார்கள், எந்த வகை மனுவுக்கு அங்கேயே உத்தரவு கிடைக்கிறது, எது ‘ஆவன செய்யப்படும்’ என்று போகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். பட்டாவும் அ-பதிவேடும் இணையத்திலேயே எடுக்க முடிகிற காலத்தில் ஏன் இன்னும் ஜமாபந்தி நடக்கிறது என்று ஒரு வி.ஏ.ஓ.விடம் கேட்கட்டும், வேலை முடிந்த நேரமாகப் பார்த்து, மரியாதையாகக் கேட்டால் சொல்வார். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்த பிறகு வந்த பதவிதான் வி.ஏ.ஓ. ஊரில் வயதானவர்களிடம் அந்த மாற்றத்தைப் பற்றிக் கேட்டால் பொது நிர்வாகத்தோடு வரலாறும் சேர்ந்து வரும்.

மே 1 கிராமசபையும் அப்படித்தான். தமிழ்நாட்டின் 12,500-ஐ ஒட்டிய ஊராட்சிகளிலும் அன்று கூட்டம் கூட்ட வேண்டும். வரவு செலவுக் கணக்கு வாசிப்பார்கள், அல்லது வாசித்ததாக எழுதிக்கொள்வார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதுதான் பாடம்.

வெளிநாட்டுக் கோடைப் பள்ளிகள் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். லண்டன் பொருளியல் பள்ளி 1989 முதல் நடத்துகிறது, மூன்று வாரப் பாடங்கள், தரமானவை, தேர்வும் உண்டு. ஆனால் கட்டணம், விமானம், தங்குமிடம் என்று சேர்த்தால் பி.எஸ்ஸி. முழுவதுக்கும் ஆனதைப்போலப் பல மடங்கு. அதை முடித்தால் அந்த நிறுவனத்தில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்துவிடும் என்பதும் கிடையாது. குடிமைப்பணித் தேர்வுக்கு அதனால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது.

உள்ளூரில் ‘பல்கலைக்கழகச் சான்றிதழுடன் 30 நாள் படிப்பு’ என்று விளம்பரம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கிரெடிட் உண்டா, மதிப்பெண் பட்டியலில் ஏறுமா, தேர்வு யார் நடத்துகிறார்? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

விருப்பப் பாடக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2013 முதல் மெயின்ஸில் ஒரே ஒரு விருப்பப் பாடம்தான், 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள். கணிதத்தின் முதல் தாளில் நேரியல் இயற்கணிதம், நுண்கணிதம், பகுமுறை வடிவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், இயக்கவியல், வெக்டர் எல்லாம் உங்கள் மகள் படிப்பவைதான். இரண்டாம் தாளில் பாய்ம இயக்கவியல் போன்ற பகுதிகள் புதிதாக இருக்கும். கணிதத்தில் விடை சரியாக இருந்தால் மதிப்பெண் கிடைக்கும், தவறினால் பேச்சு சாமர்த்தியம் காப்பாற்றாது. வரலாற்றின் முதல் தாளில் வரைபடக் கேள்வி மட்டும் 50 மதிப்பெண், 20 இடங்களை அடையாளம் காண வேண்டும். வாசிப்புப் பளு அதில் அதிகம். பொது நிர்வாகம் ஒரு காலத்தில் எல்லாரும் எடுத்த பாடம். பாடத்திட்டம் சிறியது என்றுதான் எடுத்தார்கள். இப்போது அந்த அலை இல்லை. என்னைக் கேட்டால் கணிதம் என்பேன், நான் வாத்தியார் என்பதால் இந்தப் பதிலைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். ஆனால் விருப்பப் பாடத்தை முடிவுசெய்ய அவளுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. இந்தக் கோடையில் மூன்றையும் ருசி பார்த்துவிட்டு அவளே சொல்லட்டும். ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்றும் இல்லை. ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டுதான் கரூர் அருகே உள்ள புகலூர்க் கல்வெட்டுகளைப் படித்து அவற்றில் இருப்பவர்கள் சங்க காலச் சேரர்கள் என்று காட்டினார்.

இந்த ஆண்டு முகாம் விண்ணப்பங்கள் முடிந்திருக்கும். அதனால் மே 1 உங்கள் ஊர்க் கிராமசபை, மே மாதத்தில் தஞ்சைக் கோயில், ஒருநாள் உத்திரமேரூர், இடையில் தோழிகளோடு நேரியல் இயற்கணிதம். அக்டோபர் கடைசியில் அறிவியல் கழகங்களின் நல்கை அறிவிப்பைப் பார்க்கத் தொடங்குங்கள், டிசம்பரிலிருந்து எம்.டி.டி.எஸ். அறிவிப்பை. பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் தீபாவளிக்கு முன்பே சொல்லிவையுங்கள். ஜமாபந்தித் தேதிகளை மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும். உங்கள் குறுவட்டத்துக்கு எந்த நாள் என்று வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கேட்டால் தெரியும். மகளை அனுப்பும்போது, உங்களுக்கு ஏதாவது பட்டா மாறுதல் நிலுவையில் இருந்தால் அந்த மனுவையும் அவளிடமே கொடுத்தனுப்புங்கள்.